கொட்டிலில் கிடந்த கார்



இலக்கியத் தொடரில் பேச வந்த தமிழாசிரியன் ஒருவன் மோட்டார்க் காரைப் பற்றிப் பேசத் தொடங்குகிறானே என்று நீங்கள் வியப்படையக்கூடும். பொறுத்தருளுங்கள். பழைய ஏடுகளைப் பற்றி வகுப்பறையில் இருபது ஆண்டுகளாகப் பாடம் சொல்லி வருகின்றேன். ஆனால், பழையதொன்றை மீட்பது என்றால் என்ன என்பதை எனக்குச் செவ்வையாகப் படிப்பித்தது எங்கள் வீட்டுக் கொட்டிலில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கிடந்த ஒரு கார்தான். அந்தக் கதையையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

என்னுடைய அம்மப்பா மலையகத்திலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்போதிக்கரியாக இருந்தவர். 1957 ஆம் ஆண்டு, இங்கிலாந்துக்குத் திரும்பிப் போன தோட்டத் துரை ஒருவரிடம் அவர் ஒரு காரை வாங்கினார். எம்.ஜி. ரீ.டி. என்பது அதன் பெயர். எம்.ஜி. என்றால் மொறிஸ் கராஜஸ். ஒக்ஸ்போர்ட் நகரில் அந்தக் கராஜுக்கு முகாமையாளராக இருந்த செசில் கிம்பர் என்பவர் 1920 களில், சாதாரண மொறிஸ் காரின் அடிச்சட்டத்தின் மேல் விரைவாக ஓடும் காருக்குரிய உடலை ஏற்றிப் பார்த்தார். அதிலிருந்து பிறந்ததுதான் இந்தக் குலம். ரீ.டி. வகைக் கார்கள் 1949 இன் இறுதியிலிருந்து 1953 வரை அபிங்டன் தொழிற்சாலையில் ஏறத்தாழ 30,000 செய்யப்பட்டன. அவற்றிற் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போயிற்று. மிகச் சில எங்கள் தீவுக்கும் வந்தன.

இரண்டு பேர் இருக்கக்கூடிய சிறிய கார் அது. கூரை துணியாலானது, முன்கண்ணாடியை மடித்துப் படுக்க வைக்கலாம். நான்கு சிலிண்டர், 1250 சி.சி. எஞ்சின், 54 பரிவலு. இன்றைய கணக்கில் இது பெரிதல்ல. ஆனால் கார் பாரமற்றது. மணிக்கு எண்பது மைல் வரை ஓடும். நுவரெலியாவில் 1934 ஆம் ஆண்டிலே தொடங்கிய மகாகஸ்தோட்ட மலையேற்ற ஓட்டத்தில் அந்தத் துரை இதே காரை ஓட்டியவர் என்று அம்மப்பா பெருமையோடு சொல்லுவார். தாம் அதில் ஓடியதில்லை என்பதையும் மறவாமற் சொல்லுவார்.

அந்தக் காருக்கு இரண்டு காபரேற்றர்கள். எஸ்.யு. என்று அவற்றின் மேல் எழுதியிருக்கும். அந்த எழுத்துக்களுக்கு விளக்கம் கேட்டபோது, ஸ்கின்னர் என்ற சகோதரர்கள் கூடிச் செய்தது என்று அம்மப்பா சொன்னார். அவர்கள் சப்பாத்து வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகள். ஆகையால் அவர்களுடைய முதற் காபரேற்றரிலே காற்றின் அளவுக்கு ஏற்ப விரிந்து சுருங்கும் பாகத்தைத் தோலினாலேயே செய்தார்களாம். கொல்லன் துருத்தியையும் செருப்பையும் காரையும் ஒரே கதையில் இணைத்த அம்மப்பாவிடந்தான் நான் சொற்களின் வரலாற்றில் ஆசை கொண்டேன் என்று இப்போது நினைக்கின்றேன்.

ஓய்வு பெற்ற அம்மப்பா, 1975 இல் காரோடு இணுவிலுக்கு வந்து சேர்ந்தார். பிற்பட்ட கதை உங்களுக்குத் தெரிந்ததே. 1990 ஜூன் மாதம் மீண்டும் போர் மூண்டது. யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. அப்போது நம்மவர் கண்ட வழியை உலகமே வியந்து பார்த்திருக்க வேண்டும். ஏ போட்டி என்று நாங்கள் அழைக்கும் ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலிய கிழட்டுக் கார்களெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. சூப்பிப் போத்தலில் வைத்திருக்கும் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குட் பீய்ச்சி எஞ்சினைக் கிளப்புவார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். பின்னாலே வெண்புகை மேகம் எழும். நோயாளரும், பிள்ளைப்பேற்றுக்குப் போன தாய்மாரும், ஏன், பிரேதங்களுங்கூட அந்தப் புகைக்குள்ளேதான் பயணஞ் செய்தார்கள்.

அம்மப்பா மட்டும் தம்முடைய காருக்கு மண்ணெண்ணெய் வார்க்க மறுத்துவிட்டார். முற்றாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரால் வழிந்து கீழே எஞ்சின் ஒயிலோடு கலக்கும், ஒயில் தண்ணீராகும், பிறகு உள்ளே உலோகத்தை உலோகம் தின்னும். இது அவருக்குத் தெரியும். "நான் இதை நித்திரையாக்கப் போறன்" என்று சொல்லிவிட்டு, மூன்று நாள் அதனோடேயே இருந்தார். றேடியேற்றர்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். பற்றறியைக் கழற்றினார். ரயர்கள் நிலத்திற் படாதபடி நான்கு மரமுண்டுகளின் மேல் காரை ஏற்றினார். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒயில் வார்த்து, ஹாண்டிலாற் சுற்றி, மறுபடியும் பிளக்குகளைப் பூட்டினார். புகைக்குழாயின் வாயைத் துணியால் அடைத்தார். எனக்கு அப்போது பதினொரு வயது. பக்கத்தில் நின்று சாவிகளை எடுத்துக் கொடுத்தவன் நான்.

நேயர்களே, இனி நான் சொல்லப் போவதை முப்பது ஆண்டுகளாக நான் யாருக்குஞ் சொன்னதில்லை. அடுத்த ஆண்டு ஒரு பின்னேரம், அம்மப்பா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், அந்தப் பிளக்குகளில் ஒன்றை நான் கழற்றி எடுத்தேன். அதன் வெள்ளைப் பீங்கான் உடலில் எனக்கொரு மயக்கம். பள்ளிக்கூடத்திலே ஒரு கூட்டாளிக்கு அதைக் கொடுத்துப் பத்துப் போளை வாங்கினேன். அந்தப் போளைகளையும் ஒரு கிழமைக்குள் தோற்றுவிட்டேன்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு, வலிகாமத்துச் சனங்கள் எல்லாரையும் போல நாங்களும் வீட்டைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தோம். அம்மப்பா புறப்படுமுன் கொட்டிற் கதவைச் சங்கிலியிட்டுப் பூட்டினார். அந்த மார்கழியிலே கொடிகாமத்தில் அவர் காலமானார். 1996 ஏப்பிரலில் நாங்கள் திரும்பி வந்தபோது கொட்டிலின் கூரை விழுந்திருந்தது. மாரி மழை முழுவதும் காருக்குள் இறங்கியிருந்தது. கார் மட்டும் முண்டுகளின் மேலேயே நின்றது. அம்மா அதன் மேலே பனையோலையை வேய்வித்தார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பார்க்கவில்லை. பார்க்க மனமில்லை என்பதே உண்மை.

2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. பழைய கார்களுக்கெல்லாம் விலை ஏறியது. 2021 இன் இறுதியில் கொழும்பிலிருந்து ஒருவர் தேடி வந்தார். எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு யப்பான் எஞ்சின் ஒன்றைப் பூட்டி, புதிய நிறம் அடித்து, திருமண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடப் போவதாகச் சொன்னார். நல்ல விலையுஞ் சொன்னார். ரொறன்ரோவில் இருக்கும் என் மாமாவுக்கும் காரில் உரிமை உண்டு. "தம்பி, கறையான் தின்னுறதை ஆராவது காசு தந்து எடுக்கிறன் எண்டால் குடுத்துவிடு" என்று அவர் தொலைபேசியிற் சொன்னார். அவர் சொன்னதிலே பிழையொன்றுமில்லை. ஆயினும் எனக்கு மனம் ஒப்பவில்லை. மூன்று மாதத் தவணை கேட்டேன். கார் ஓடினால் வைத்திருப்பது, ஓடாவிட்டால் விற்பது என்று பேச்சு.

தவணை கேட்ட மறுநாளே நான் ஒரு மடைத்தனம் செய்யப் போனேன். பக்கத்து வீட்டு லாண்ட்மாஸ்ரரைக் கொண்டுவந்து, காரைக் கயிற்றாற் கட்டி இழுத்தால், கியரிலே போட்டு எஞ்சினைச் சுழல வைத்துவிடலாம் என்று எண்ணினேன். நல்லவேளை, நான் சொல்லியனுப்பிய முதிய மெக்கானிக் அந்த நேரத்திலே வந்து சேர்ந்தார். கயிற்றைக் கண்டதும் சைக்கிளை மதிலிற் சாத்தாமலே விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"மாஸ்டர், அவிழ்த்துவிடுங்கோ! முப்பது வரியம் கிடந்த எஞ்சினை ஒருக்காலும் பலவந்தமாச் சுத்தக்கூடாது. பிஸ்ரனோடை இருக்கிற வளையங்கள் சுவரோடை ஒட்டிப் போய்க் கிடக்கும். இழுத்தால் உடைஞ்சு சுவரையும் கீறிப்போடும்."

பிறகு அவர் மூடியைத் திறந்து பிளக்குகளைப் பார்த்தார். மூன்று பிளக்குகள் இருந்தன. முன்னிருந்து மூன்றாவது சிலிண்டரில் பிளக் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அங்கே வெறுந் துவாரம் இருக்கவில்லை. எண்ணெய்த் துணி சுற்றிய ஒரு மரமுளை இறுக்கப்பட்டிருந்தது. மெக்கானிக் அதை மெல்லத் திருகி எடுத்தார். பாதி உளுத்துச் சுருங்கியிருந்தது. மீதிப் பாதியில் கத்தியாற் செதுக்கிய புரிகள் தெரிந்தன.

"ஆரோ வலு கவனமாச் செதுக்கியிருக்கினம், மாஸ்டர்" என்றார்.

ஆரோ அல்ல. அந்த வீட்டிலே அப்படிச் செதுக்கக்கூடிய கை ஒன்றுதான் இருந்தது. பெற்றோலே இல்லாத காலத்தில் அந்தக் காருக்குரிய பிளக்குக்கு எங்கே போவது? அம்மப்பா கண்டுபிடித்திருக்கிறார். செதுக்கி அடைத்திருக்கிறார். யாரையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகள் அவரோடு ஒரே வீட்டில் இருந்தேன். அவருடைய முகத்திலே ஒரு மாற்றத்தையேனும் நான் காணவில்லை. நான் அன்று மெக்கானிக்குக்குப் பதில் சொல்லாமற் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

நான்கு துவாரங்களுக்குள்ளும் துருவிளக்கும் எண்ணெயை வார்த்துவிட்டு, மெக்கானிக் போய்விட்டார். ஒரு கிழமை கழித்து வந்தார். ஹாண்டிலைக் கையால் ஓர் அங்குலம் முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். மறுபடியும் வார்த்தார். இப்படி ஐந்து கிழமை. ஆறாவது கிழமை எஞ்சின் அசைந்தது. சிலிண்டர்த் தலையைக் கழற்றிப் பார்த்தோம். முப்பது ஆண்டுகளுக்கு முன் வார்த்த ஒயில் மூன்று சிலிண்டர்களிலும் தன் கடமையைச் செய்திருந்தது. சுவர்கள் கறுத்திருந்தனவேயன்றிப் பழுதில்லை. மூன்றாவதிற்கு மட்டும் ஈரம் இறங்கியிருந்தது. கூரை விழுந்த அந்த மாரியிலே மரமுளை தோற்றிருக்க வேண்டும். சுவரில் அம்மைத் தழும்பு போலத் துருக்குழிகள். போர் பண்ணி லைனர் போடாமல் அது சரிவராது. கொழும்புக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார் மெக்கானிக். பத்துப் போளையின் விலை அன்றுதான் எனக்கு விளங்கியது.

அன்றிரவு மாமாவுக்குக் கடிதம் எழுதினேன். தொலைபேசியில் அதைச் சொல்ல எனக்கு நாவெழவில்லை. பிளக், போளை, மரமுளை எல்லாவற்றையும் எழுதினேன். மூன்று கிழமை கழித்து மாமா தொலைபேசியில் வந்தார். "அந்த முளையைப் படமெடுத்து அனுப்பு" என்றார். அனுப்பினேன். லைனருக்குரிய காசு வந்து சேர்ந்தது. விற்பதைப் பற்றி அவர் அதற்குப் பிறகு பேசவேயில்லை.

இனி மரவேலை. இந்தக் காரின் வெளியுடல் தகடு. ஆனால் தகட்டுக்குள்ளே உடலைத் தாங்குவது மரச்சட்டம். இங்கிலாந்தில் ஆஷ் என்ற மரத்தைப் பயன்படுத்தினார்கள். பாரமில்லாதது, வளைந்து கொடுப்பது, அதிர்வைத் தாங்குவது. எங்கள் கொட்டிலின் கறையானுக்கு அது விருந்தாகிவிட்டது. ஊர்த் தச்சர் ஒருவர் வந்து சட்டங்களைத் தட்டிப் பார்த்தார். முதிரை உறுதியானது, ஆனால் பாரம் என்றார். கடைசியிற் சாவண்டலையைத் தெரிந்தெடுத்தார். சிங்களத்தில் ஹல்மில்ல என்பார்கள். திருகோணமலை மரம் என்று ஆங்கிலேயரும் அறிந்த மரம். வளைவுக்கும் உழைப்புக்கும் பேர் போனது.

முழுச் சட்டத்தையும் புதிதாகவே செய்து தந்துவிடுகிறேன், அதுதான் வேலை சுகம் என்றார் தச்சர். இந்த இடத்திலேதான் தமிழாசிரியன் குறுக்கே விழுந்தான்.

நேயர்களே, எங்கள் வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில் இருக்கிறது சிறுப்பிட்டி. 1832 இல் அங்கே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, வீரசோழியத்தை 1881 இலும் கலித்தொகையை 1887 இலும் அச்சேற்றினார். செல்லும் கறையானும் தின்ற ஏடுகளின் முன்னே அமர்ந்து, எது நூலாசிரியரின் சொல், எது பிரதி செய்தவரின் பிழை, எது பூச்சி தின்ற இடம் என்று பிரித்துப் பார்த்த பெருமக்களின் வரிசையிலே முன்னிற்பவர் அவர். உ. வே. சாமிநாதையர் 1894 இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். நானூறு பாட்டு என்று பெயர் இருந்தும், 267 ஆம் 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களிலே சொற்கள் சிதைந்திருந்தன. அந்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டினார்கள். சங்கத் தமிழில் ஊறிய அவர்களுக்கு இரண்டு பாட்டுக் கட்டி இட்டு நிரப்புவது இயலாத காரியமா? செய்யவில்லை. இல்லாததை இல்லாதது என்று காட்டுவதும் பதிப்பின் அறம் என்று கொண்டார்கள்.

இதையே நான் தச்சரிடம் சொன்னேன். புறநானூறென்று சொல்லவில்லை. "தின்ற இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுங்கோ. நல்லாய் இருக்கிறதைத் தொடவேண்டாம். புதுசு புதுசாகவே தெரியட்டும்" என்றேன். அவர் சிரித்தார். ஆனால் செய்தார். இன்றைக்கும் கதவைத் திறந்து உட்பக்கம் பார்த்தால் சாம்பல் படிந்த ஆஷ் மரத்தோடு பழுப்பு நிறச் சாவண்டலை பொருந்தியிருப்பது தெரியும். சேர்த்த ஒவ்வொரு துண்டிலும் 2022 என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார் தச்சர். அவருக்குத் தெரியாமலே அவர் ஒரு பதிப்பாசிரியர்.

எஞ்சின் பூட்டும்போது இன்னொரு வேடிக்கை. ஆணிகளின் தலைக்கு ஆங்கிலேயரின் விட்வேர்த் அளவுச் சாவி பொருந்துகிறது. புரியோ மில்லிமீற்றர்க் கணக்கு. மெக்கானிக்குக்கு இது புதிதல்ல. கொவன்றியில் இந்த எஞ்சின்களைச் செய்த தொழிற்சாலை முன்னொரு காலத்தில் ஹொச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பனியுடையது. மொறிஸ் அதை 1923 இல் வாங்கியபோது பிரெஞ்சு அளவிலே புரி வெட்டும் இயந்திரங்களும் சேர்ந்து வந்தன. ஆகவே தலை ஆங்கிலம், உடல் பிரெஞ்சு. அலுமாரி என்றும் கதிரை என்றும் போர்த்துக்கேயச் சொற்களைத் தமிழ் உருபேற்றிப் பேசும் நமக்கு இது விளங்காத விடயமல்ல.

பிறேக் சிலிண்டர்களின் றப்பர்கள் பொடியாகியிருந்தன, ரயர்கள் கல்லாகியிருந்தன, நூல் சுற்றிய பழைய வயர்களை எலி அரித்திருந்தது. பெற்றோல் தாங்கிக்குள்ளே பழைய பெற்றோல் வற்றிப் பிசினாகப் படிந்திருந்தது. சரளைக் கல்லைப் போட்டு இரண்டு நாள் குலுக்கிக் கழுவினோம். இவற்றையெல்லாம் மாற்றத்தான் வேண்டும். உயிரோடு சம்பந்தப்பட்ட இடத்தில் பழைமை பாராட்ட முடியாது.

எல்லாம் ஆயத்தமானபோது 2022 ஜூன். நாட்டிலே பெற்றோல் இல்லை! எரிபொருள் நிலையங்களின் முன்னே நாட்கணக்கில் வரிசைகள். 1990 இல் எந்தக் காரணத்துக்காக அந்தக் கார் உறங்கப் போயிற்றோ, அதே காரணம் அது விழிக்கும் நாளிலும் வாசலில் வந்து நின்றது. மெக்கானிக் தமது மோட்டார்ச் சைக்கிளிலிருந்து ஒரு சோடாப் போத்தல் அளவு பெற்றோல் எடுத்துத் தந்தார். மூன்று மாதத் தவணை எப்போதோ முடிந்திருந்தது. யாரும் கணக்குக் கேட்கவில்லை.

முதலிற் பிளக்குகளைப் பூட்டாமலே ஹாண்டிலைச் சுற்றச் சொன்னார் மெக்கானிக். நெடுநாள் கிடந்த இந்த எஞ்சினில் ஒயில் பம்ப் வறண்டு போய்விடும். ஒயில் மேலேறுமுன் எஞ்சினைக் கிளப்பினால் செய்த வேலையெல்லாம் வீண். நானும் அவருடைய மகனும் மாறி மாறிச் சுற்றினோம். கை சலித்தது. ஒயில் அமுக்கத்தைக் காட்டும் முள் கடைசியில் நடுங்கி எழுந்தது. பிறகு நான்கு பிளக்குகளையும் பூட்டினார். மூன்றாவதை என்னிடம் தந்து, "மாஸ்டர், இதை நீங்களே பூட்டுங்கோ" என்றார். அவருக்கு நான் எதையுஞ் சொன்னதில்லை. கிணற்றடிக்குப் போன அன்றே விளங்கிக்கொண்டிருக்கிறார் போலும்.

நான்காவது சுற்றில் எஞ்சின் இருமியது. ஆறாவதிற் பற்றிக்கொண்டது. அரைப் போத்தல் பெற்றோல் தீரும்வரை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

காரின் பதிவுப் புத்தகம் அம்மப்பாவின் பெயரிலேயே இருந்தது. அதை அம்மாவின் பெயருக்கு மாற்றி, காப்புறுதியும் புகைப் பரிசோதனையும் முடித்து, தெருவில் இறக்க மறு ஆண்டாகிவிட்டது. 2023 இல் ஒரு ஞாயிறு காலை அம்மாவை ஏற்றிக்கொண்டு கீரிமலை வரை போய் வந்தேன். மணிக்கு முப்பது மைலுக்கு மேல் ஓட்டவில்லை. திரும்பி வரும் வழியில் அம்மாவிடமும் பிளக் கதையைச் சொன்னேன். அம்மா சற்று நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா ஒருநாள் விறாந்தையிலை இருந்து எதையோ செதுக்கிக்கொண்டிருந்தவர். என்னப்பா எண்டு கேட்டன். பொடியன் திருப்பிக் கொண்டுவந்து வைக்கும்வரைக்கும் எண்டார். எனக்கு அப்ப விளங்கேல்லை, தம்பி."

திருப்பிக் கொண்டுவந்து வைக்க எனக்கு முப்பத்தோர் ஆண்டு எடுத்திருக்கிறது.

நேயர்களே, அந்த மரமுளையை நான் எறியவில்லை. என் மேசையில், மாணவரின் கட்டுரைக் கொப்பிகளின் மேலே பாரமாக வைத்திருக்கிறேன். பிழையைக் கண்டவுடனே சிவப்பு மையைத் தேடும் என் கை, அதைக் கண்டால் ஒரு கணம் தாமதிக்கிறது. பழையதைக் காப்பவனுக்கு அறிவு வேண்டும், பொறுமை வேண்டும் என்று படித்திருக்கிறேன். அவற்றோடு, வருவான் என்று நம்பி இடத்தைக் காத்து வைக்கும் மனமும் வேண்டும் என்பதை அம்மப்பாவின் கத்தி வேலையிலே கண்டேன்.